தாய்மாமன் வூஃபர்

மரக்காணத்தில் காருக்குப் பாட்டுச் சத்தம் கூட்டும் ஆம்ப் மாட்ட வேண்டுமென்றால் ஆட்கள் முதலில் புதுச்சேரிக்குத்தான் போவார்கள். ஒரு மாதம் கழித்து அதே காரை ஓட்டிக்கொண்டு சகாயமேரியின் கடைக்கு வருவார்கள். முகத்தில் அசடு வழியும். சகாயமேரி எதுவும் கேட்க மாட்டாள். டிக்கியைத் திறந்து வயர்களைப் பார்த்து "மாதாவே" என்று ஒரே ஒருமுறை சொல்வாள். முன்பு மாட்டியவனுக்குச் சேர வேண்டிய வசவு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வயதிலிருந்து உப்பளத்தில் கூடை சுமந்தவள். பிறகு ஆரோவில் பக்கம் சூரிய விளக்கு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. இடையஞ்சாவடியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு பத்து வருஷம் சால்ட்ரிங் வைத்தாள். ஒருநாள் பட்டறையை மூடினார்கள். ஊர் திரும்பியபோது அவளிடம் கரண்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தது, எந்த வயரையும் எடுத்த எடுப்பில் நம்பாத புத்தியும் இருந்தது. உப்பு லாரி டிரைவர் ஒருவரின் பாட்டுப் பெட்டி இரைகிறது என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தாள். அந்த இரைச்சல் நின்ற நாளிலிருந்து வண்டிகள் அவளைத் தேடி வர ஆரம்பித்தன. ஈ.சி.ஆர். ரோட்டோரம் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு 'மேரி சவுண்ட்ஸ்' என்று எழுதிவைத்தாள்.

அவள் வீட்டுக்காரர் பிரபாகரன் தச்சர். கதவு ஜன்னல் செய்வார். மாதா கோயிலுக்கு பெஞ்சு செய்வார். பங்கில் யாராவது காலமானால் பெட்டியும் அவர்தான். அடிச்சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கு ஒரு மரப்பெட்டி வேண்டும் என்று மேரி முதன்முதலில் நீள அகலம் சொன்னபோது, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டவர் கொஞ்சம் தயங்கி, "பாவம், ஆளு ரொம்பக் குள்ளமா?" என்று கேட்டாராம். அதை அவர் இன்றைக்கும் மறுக்கிறார்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ராஜாங்கம் தன் வெள்ளை ஜீப்பை அந்தக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ராஜாங்கம் உப்பளக்காரர். வயது ஐம்பத்தெட்டு. வெயிலில் காய்ந்து காய்ந்து ஆளே உப்புக் கண்டம் மாதிரி இருப்பார். அவருடைய பாத்திகளை ஒட்டியே அண்ணன் பலராமனின் பாத்திகள். நடுவே ஒரு வரப்பு. அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருஷமாகிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன் வீட்டு நாய் தம்பியின் உப்புக் குவியல்மேல் ஏறிக் காலைத் தூக்கிவிட்டது. "நாய்க்கு எந்தக் குவியல் யாருதுன்னு எப்படிடா தெரியும்?" என்றார் பலராமன். "உங்க குவியல்ல ஏன் தூக்கல?" என்றார் ராஜாங்கம். அத்தோடு பேச்சு நின்றது. நாய் அதற்குப் பிறகு செத்தும் போய்விட்டது. பேச்சு திரும்பவில்லை.

"மேரி, நான் சொல்றத கேளு," என்றார் ராஜாங்கம், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே. "பிரம்மதேசத்துல என் தங்கச்சி தெய்வநாயகி இருக்குதுல்ல, அது பொண்ணு செந்தமிழுக்கு ஞாயித்துக்கிழமை மஞ்ச நீராட்டு விழா. நானு தாய்மாமன். வரிசை எடுத்துட்டுப் போறேன்."

"சந்தோஷம்ண்ணா."

"இன்னா சந்தோஷம்? அவரும் தாய்மாமன்தான?" அண்ணனைப் பெயர் சொல்ல மாட்டார், உப்பளம் இருக்கும் திசையில் தாடையை மட்டும் காட்டுவார். "செண்டை மேளம் வெச்சிருக்காராம். பன்னெண்டு பேரு. ஆளுக்கொரு பட்டு வேட்டி. எனக்கு அத விட சத்தம் வேணும். அவரு தோல்ல அடிக்கிறாரு. நான் கரண்ட்ல அடிக்கணும்."

"வண்டில ஏற்கெனவே செட்டு இருக்கே."

"இருக்குது. பன்னெண்டு இஞ்சுல ரெண்டு ஸ்பீக்கரு. ஆனைத்தலை மாதிரி இருக்குது. சத்தம் மட்டும் கொசு. அதுவும் போதாதுன்னு ஆக்ஸிலேட்டர மிதிச்சா தெய்வநாயகி பேசுறா."

"யாரு?"

"என் தங்கச்சி. நீயே கேளு."

மேரி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ராஜாங்கம் இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக மிதித்தார். ஸ்பீக்கரிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு குரல் புறப்பட்டது. அதிகமாக மிதிக்க மிதிக்க அது ஏறிக்கொண்டே போனது, கோள் சொல்ல ஓடிவருகிற ஒருத்தியின் குரல்போல. காலை எடுத்தால் முனகிக்கொண்டே இறங்கியது.

"அப்படியே அவதான்," என்றார் ராஜாங்கம். "வண்டி அறுபதுல போச்சுன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு நான் புடவை எடுக்காததக் கூட சொல்லுது."

மேரி பின்கதவைத் திறந்தாள். பக்கவாட்டில் திறக்கும் கதவு அது. திறந்ததும் ஒருமுறை தொங்கி நின்றது. கீல்கள் இரண்டும் துருப்பிடித்துப் பொரி உருண்டை மாதிரி இருந்தன. பதினைந்து வருஷமாக ஈர உப்பு மூட்டை ஏற்றிய வண்டி.

"மாதாவே," என்றாள். பிறகு, "அண்ணா, இதுக்கு மொதல்ல டிங்கர் கடைதான். நீங்க சத்தம் கேக்குறீங்க, வண்டி உயிர் கேக்குது."

"ஃபங்ஷன் முடியட்டும்," என்றார் அவர்.

தெய்வநாயகியை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஆம்பிலிருந்து வரும் எர்த் வயரை யாரோ வண்டித் தரையில் பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தான். பெயின்ட்டுக்குக் கீழே துரு. வயர் போய்ச் சேர்வதற்கு நல்ல இரும்பு கிடைக்காததால் இன்ஜினின் இரைச்சல் எல்லாம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. மேரி ஸ்க்ரூ டிரைவரால் பக்கத்தில் வேறொரு இடத்தைச் சுரண்டினாள். பழுப்பாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது. எடுத்துவிட்டுக் குனிந்து ஓட்டை வழியே பார்த்தாள். கீழே டீக்கடைக்காரரின் கோழி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, தரை தெரியுது."

"அது காத்து வர்றதுக்கு," என்றார் ராஜாங்கம்.

மேரி வண்டி முழுக்கச் சுரண்டிப் பார்த்தாள். ஆறு இடத்தில் சுரண்டி, ஆறு இடத்திலும் ஊரைப் பார்த்தாள். கடைசியில் இந்த வண்டியின் உடம்பை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவுகட்டி, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு வயரை நேராகப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒன்றைப் போட்டாள். பாட்டு வரும் மெல்லிய வயரும் கரண்ட் வரும் தடித்த வயரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு போயின. பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் ஓட்டினாள். மத்தியானம் ஒரு மணிக்கு ராஜாங்கத்தைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னாள்.

மிதித்தார். சத்தமே இல்லை. இன்னும் மிதித்தார். இன்ஜின் அலறியது, ஸ்பீக்கர் பேசவில்லை.

ராஜாங்கம் காலை எடுத்துவிட்டு உண்மையான பயத்தோடு கேட்டார்: "மேரி, தங்கச்சிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

உடனே போன் போட்டு விசாரித்தார். தெய்வநாயகி எடுத்தாள், பந்திக்கு இலை சொல்லியாயிற்றா என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. நிம்மதியாக வைத்தார்.

அடுத்தது கொசு. மேரி மேஜையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்தாள், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவதுதான். ஒரு ஸ்பீக்கரின் வயரில் அதை வைத்துத் தொட்டாள். கூம்பு முன்னால் வந்தது. மற்ற ஸ்பீக்கரின் வயரில் தொட்டாள். கூம்பு உள்ளே போனது.

"பாருங்க. இது வெளிய தள்ளும்போது அது உள்ள இழுக்குது. இவன் தள்ற காத்த அவன் குடிச்சிடுறான். சத்தம் எங்கேருந்து வரும்?"

ராஜாங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே பெட்டிக்குள்ள இருந்துட்டா?" என்றார், அவர்கள் செய்தது அநியாயம் என்பதுபோல.

"வயர் மாத்திக் குடுத்துட்டான். அவ்ளோதான்."

பெட்டியும் சரியில்லை. மூலையெல்லாம் விட்டுப்போய்க் காற்று ஒழுகியது. பிரபாகரன் அளவெடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் புதுப் பெட்டியோடு வந்தார். ஆறடி நீளம். கறுப்புக் கம்பளம் ஒட்டி, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி வைத்திருந்தார். கையில் அந்த வேலை பழகிவிட்டது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

புதன்கிழமை ட்யூனிங். மேரி முதலில் போனிலிருந்து ஒரே சுருதியாக 'உம்ம்ம்' என்று ஒலிக்கும் சத்தத்தைப் போட்டாள். எந்தச் சத்தத்துக்கு வண்டியில் எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க. சுருதியை மெல்ல மெல்ல ஏற்றினாள். முப்பத்தைந்து ஹெர்ட்ஸில் நம்பர் பிளேட் நடுங்கியது. நாற்பதில் கண்ணாடி. நாற்பத்தெட்டில் முன் சீட்டில் இருந்த பிரபாகரனின் கன்னம்.

ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "நல்லா இருக்குது. யாரு பாடுறது?"

"யாரும் பாடலண்ணா. இது வெறும் சவுண்டு."

"அதான் பாத்தேன், வரி ஒண்ணும் புரியல. ஆனா நல்லா உருக்கமா இருக்குது."

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ரப்பர் துண்டு வைத்தாள், கண்ணாடிக்குப் பஞ்சு வைத்தாள். பின்கதவுக்கு மட்டும் எதை வைப்பது என்று தெரியவில்லை. "இத மூடியே வெச்சிருங்க. திறந்துவிட்டுப் பாட்டுப் போடாதீங்க," என்றாள்.

பிறகு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்பில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு குனிந்தாள். ஆம்பின் பக்கவாட்டில் சிறுசிறு திருகிகள். கெயின் என்ற திருகி எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, மீட்டரில் முப்பத்தைந்து வோல்ட் வரும்வரை ஏற்றினாள். அங்கேயே நிறுத்தினாள். எண்பது ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தத்தை வூஃபர் பக்கமே விடாமல் வெட்டினாள். அடிச்சத்தத்தை இன்னும் ஊதிவிடும் பேஸ் பூஸ்ட் என்பதைப் பூஜ்ஜியத்தில் வைத்தாள்.

ராஜாங்கம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பாதி பாக்கி இருக்குதே. முழுசா திருப்பேன்."

"அண்ணா, இது வால்யூம் இல்ல. ஸ்டீரியோ பேசுறத ஆம்ப் எவ்ளோ காது குடுத்துக் கேக்கணும்னு சொல்றது. முழுசா திருப்புனா சத்தம் ஏறாது, கொரகொரன்னு கிழியும். சூடாகி ஆம்ப் தானா மூடிக்கும்."

"சரி சரி," என்றார், ஒரு வார்த்தையும் கேட்காத முகத்தோடு.

அந்த முகம் மேரிக்குத் தெரியும். கடைக்கு வரும் ஆண்கள் எல்லாரிடமும் அது இருந்தது. அவள் மேஜை டிராயரிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, திருகியின் மேலும் அதன் பக்கத்து இரும்பிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டாள். யாராவது தொட்டால் கோடு விலகும்.

ஸ்பீக்கரை மாட்டி ஒரு பம்பைப் பாட்டைப் போட்டார்கள். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் ஒன்றுக்கொன்று ரகசியம் பேசின. மேரி காதால் கேட்கவில்லை. தொப்புளுக்கு மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் சரியாக இருந்தால் அங்கே ஒரு பந்து உருண்டு எழும்பும். எழும்பியது. ராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நீயும் வரணும் மேரி. கூடவே இருந்து பாத்துக்கணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகாயமேரி ஊதாப் பட்டுப்புடவையில், கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரோடு, ஜீப்பின் நடுச் சீட்டில் ஏறிக்கொண்டாள். பிரபாகரனும் வந்தார். பந்தி இருக்கும் இடத்துக்கு அவர் வராமல் இருந்ததில்லை.

பிரம்மதேசம் கோயில் பக்கத்தில் இரண்டு தாய்மாமன் வரிசையும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு. தெய்வநாயகி இரண்டு அண்ணன்களுக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்லியிருந்தாள்: தட்டு ஆளுக்கு ஐம்பத்தொன்று, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முன்னால் பலராமன், பட்டு வேட்டியும் மீசையுமாக. அவருக்குப் பின்னால் செண்டைக்காரர்கள் பன்னிரண்டு பேர், பிறகு அவருடைய தட்டுக்காரப் பெண்கள். அதற்கும் பின்னால் ராஜாங்கத்தின் ஜீப்பும் அவருடைய தட்டுக்காரப் பெண்களும்.

ராஜாங்கம் இறங்கி நேராகப் போய்ப் பின்கதவை அகலத் திறந்தார். மேரி "அண்ணா, கதவு!" என்பதற்குள் திறந்தாகிவிட்டது. "மூடி வெச்சா சத்தம் எனக்கு மட்டும்தான் கேக்கும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து தெய்வநாயகி புகுந்த வீட்டுப் பெரியவர் மாயவன் அந்தப் பக்கமாக வந்தார். அவளுக்குப் பெரிய மாமனார் முறை. திறந்த கதவுக்குள் ஆறடி நீளக் கறுப்புப் பெட்டி, பித்தளைப் பிடி, அதன்மேல் ராஜாங்கம் திருஷ்டிக்காகச் சுற்றியிருந்த ஒரு சம்பங்கி மாலை. பெரியவர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாருப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"வூஃபருங்க," என்றார் பிரபாகரன்.

"எந்த ஊரு?"

"புதுச்சேரில வாங்குனது. இங்க கொண்டாந்து பெட்டில வெச்சோம்."

"வாங்... சரி. வயசு?"

"ரெண்டு வருஷம் ஆவுதுங்க."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "பச்சப் புள்ளயா. நல்ல நாளும் அதுவுமா..."

"பெட்டிய பத்திக் கவலைப்படாதீங்க," என்றார் பிரபாகரன், தொழில் பெருமையோடு. "ஒரு பொட்டு காத்து போவாது. முப்பது வருஷத்துக்கு உளுக்காது."

மேரி குறுக்கே விழுந்து விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள், பெரியவர் வீட்டுக்கு ஆளனுப்பி வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

செண்டை புறப்பட்டது. பன்னிரண்டு பேரும் ஒரே வீச்சில் அடித்தார்கள். கோபுரத்துப் புறா எல்லாம் பறந்தன. ராஜாங்கம் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தலையை ஒருமுறை சிலுப்பிக்கொண்டு, பாட்டைப் போட்டார்.

'கொர்ர்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. ஆம்பில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. பாட்டு நின்றது.

மேரி பின்னால் திரும்பிச் சீட்டின் மேல் கவிழ்ந்து பார்த்தாள். நகப்பூச்சுக் கோட்டின் ஒரு பாதி இரும்பில் இருந்தது. மறுபாதி ஊர் சுற்றப் போய் எதிர்ப் பக்கத்தில் நின்றது.

"யாரு தொட்டது?"

"ரோடு மோசம் மேரி. குலுக்கல்ல அதுவா திரும்பியிருக்கும்."

"பேஸ் பூஸ்ட்டும் அதுவா திரும்புச்சா?"

ராஜாங்கம் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் லேசாத்தான் தொட்டேன்," என்றார்.

மேரிக்குக் கோபம் வந்தது. ஆனால் முன்னால் செண்டைச் சத்தத்தில் பலராமன் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதும், அதைப் பார்த்து ராஜாங்கத்தின் தோள் இரண்டும் கீழே இறங்குவதும் தெரிந்தது. அவள் கையால் மாட்டிய செட்டு ஊமையாகக் கிடந்தது. வரிசைத் தட்டு ஒன்றிலிருந்து ஒரு விசிறியைக் கேட்டு வாங்கி ஆம்புக்கு வீசினாள். கெயினைத் திருப்பிக் கோட்டோடு கோடு சேர்த்தாள். பூஸ்ட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டே போவதைத் தெருவில் நின்றவர்கள் கவலையோடு பார்த்தார்கள். நான்கு நிமிஷத்தில் பச்சை விளக்கு வந்தது.

"இப்ப போடுங்க. முக்காலுக்கு மேல போனீங்கன்னா இறங்கிப் போயிடுவேன்."

போட்டார்.

அது காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாக வந்தது. தட்டு ஏந்திய பெண்கள் அத்தனை பேர் வளையலும் ஒருசேரக் குலுங்கியது. தெருமுனைக் குடத்தில் தண்ணீர் வட்டம் வட்டமாக எழுந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை, யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டதுபோல் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. சுத்தமான சத்தம். ஒரு கீறல் இல்லை. மேரி தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செண்டையில் ஏதோ பிசகியது. முதலில் கடைசி வரிசைக்காரர் ஒருவர் பம்பைத் தாளத்துக்கு மாறினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அரைத் தெரு போவதற்குள் பன்னிரண்டு பேரும் ராஜாங்கத்தின் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், நம்ம தாளத்த அடிங்கய்யா!" என்று கத்தினார் பலராமன்.

"அதத்தான் சார் அடிக்கப் பாக்குறோம்," என்றார் மேளக்காரர்களின் தலைவர், வேர்த்து விறுவிறுத்து. "கை கேக்க மாட்டேங்குது."

ராஜாங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாட்டு உச்சிக்கு ஏறியது. அந்த இடத்தில் அதுவரை அகலத் திறந்து ஒற்றை மனதோடு அதிர்ந்துகொண்டிருந்த ஜீப்பின் பின்கதவு 'டங்' என்று தெருவில் விழுந்தது.

நல்லவேளை, பின்னால் வந்தவர்கள் நான்கடி தள்ளி வந்தார்கள். யாருக்கும் அடியில்லை. முதல் தட்டுக்காரி ரேகா மட்டும் திடுக்கிட்டு வாழைப்பழச் சீப்பைக் கீழே விட்டாள். அது சரியாகக் கதவின் மேல் விழுந்தது. தெரு குறுகல். கதவைப் போட்டுவிட்டுப் போக இடமில்லை. உறவுக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். வாழைப்பழத்தைக் கீழே வைப்பானேன் என்று அதன்மேலேயே விட்டார்கள். வழியில் ஒருத்தி தன் தட்டில் கை வலிக்கிறது என்று இரண்டு தேங்காயையும் அதில் வைத்தாள்.

தெய்வநாயகி வீட்டு வாசலில் அவளுடைய நாத்தனார் சுலோசனா நின்று தட்டுகளை வாய்விட்டு எண்ணி உள்ளே அனுப்பினாள். பலராமன் வரிசை ஐம்பத்தொன்றில் முடிந்தது. ராஜாங்கத்தின் வரிசை வந்தது. "நாப்பத்தொம்பது, அம்பது, அம்பத்தொண்ணு..." கதவு வந்தது, பழமும் தேங்காயுமாக. சுலோசனா ஒரு கணம் பார்த்தாள். அண்ணன்மார் வீட்டு வழக்கம் இப்படி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். "அம்பத்திரண்டு," என்றாள்.

"டேய்!"

தெருவே திரும்பியது. பலராமன் மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார். "டேய் ராஜாங்கம்! கதவெல்லாம் வரிசைல சேத்தி கிடையாதுடா!"

"ஏன் கிடையாது?" என்று ஜீப்பிலிருந்து குதித்தார் ராஜாங்கம். "உள்ள போனது எல்லாம் வரிசைதான்!"

"விழுந்து போன கதவுடா அது!"

"விழுந்தா இன்னா? அண்ணா, நீங்க அனுப்புன தட்டுல மாங்கா கூடத்தான் மரத்துலேருந்து விழுந்தது!"

"தட்டுக்கு நம்பர் பிளேட்டு இருக்குமாடா? பாருடா, நம்பர் பிளேட்டோட வருது!"

மேரி பாட்டைக் குறைத்தாள். இதைவிட அது முக்கியமில்லை. கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. செண்டைக்காரர்கள் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வசதியாக நின்றார்கள். அண்ணனும் தம்பியும் கதவில் ஆரம்பித்து, மாங்காய்க்குப் போய், வரப்பில் ஏறி, நாயிடம் வந்து சேர்ந்தார்கள். "அது செத்துப்போச்சுடா," என்றார் பலராமன். "தெரியும். நானும் அன்னிக்கு சாப்பிடல," என்றார் ராஜாங்கம், அதே கோபத்தோடு.

தெய்வநாயகி ஆரத்தித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். வாய் ஓயாதவள், அன்று ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு பேரும் பேசிட்டீங்க," என்றாள்.

பலராமன் திடுக்கிட்டார். "பேசல. திட்டுனேன்."

"திட்டுனாலும் அது பேச்சுதாண்ணா."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்கும் எந்தத் திசையில் நிற்பது என்று தெரியவில்லை. உள்ளே நகையும் பூவுமாக நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த செந்தமிழ் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சின்ன மாமா, அந்தக் கதவு எனக்கா?"

"ஆமா கண்ணு. எல்லாம் உனக்குத்தான்."

"நான் இத வெச்சுக்கினு இன்னா பண்றது?"

பலராமன்தான் முதலில் சிரித்தார். மீசை ஆடியது. ராஜாங்கம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் உடைந்தார். பந்தியில் இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தார்கள். அண்ணன் இலையிலிருந்த வடையைத் தம்பி கேட்காமல் எடுத்தார். பெரியவர் மாயவன் மட்டும் கடைசிவரை சாப்பிட உட்காரவில்லை. ஜீப் கிளம்பிப் போனபிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டாராம்.

செண்டைத் தலைவர் தோள்வார் இரண்டைக் கொடுத்தார். பலராமனே கதவை ஜீப்போடு சேர்த்துக் கட்டினார். "இத மொதல்லயே கட்டியிருந்தா விழுந்திருக்குமாடா?" என்று திட்டிக்கொண்டே கட்டினார்.

எட்டு நாள் கழித்து மேரியின் கடைக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள். பலராமனின் கார். வந்து இறங்கும்போதே வழியில் எதற்கோ ஆரம்பித்த சண்டை நடந்துகொண்டிருந்தது.

"எனக்கும் மாட்டணும் மேரி," என்றார் பலராமன். "இவன விட ஒரு சுத்து பெருசா."

"இப்ப எதுக்குண்ணா? ஃபங்ஷன்தான் முடிஞ்சிடுச்சே."

"தெய்வநாயகிக்கு ரெண்டாவது பொண்ணு இருக்குதுல்ல."

"அது ரெண்டாங்கிளாஸ் படிக்குது!"

"அதான் சொல்றேன். இன்னும் ஆறேழு வருஷம் இருக்குது. இப்பவே ஆரம்பிச்சாத்தான் நிதானமா பண்ணலாம்."

"அண்ணா, கெயின முழுசா வெக்கச் சொல்லுங்க," என்றார் ராஜாங்கம் பின்னாலிருந்து.

"உனக்கு இன்னாடா தெரியும் கெயினப் பத்தி?"

சகாயமேரி இரண்டு பேரையும் பக்கத்து டீக்கடைக்கு அனுப்பிவைத்தாள். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. அங்கிருந்தும் அவர்கள் குரல் நன்றாகவே கேட்டது. காரின் டிக்கிக்குள் தலையை விட்டு, எங்கே ஆரம்பிக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தாள்.